ரெண்டு மார்க் கேள்வி

ஜொவிட்டா: அவரு வீட்ல இல்லம்மா சூடாமணி. காலையிலேயே கிளம்பிட்டாரு.

சூடாமணி: செருப்பு கீதே டீச்சர்.

ஜொவிட்டா: எது?

சூடாமணி: அதோ, பெரிய செருப்பு. வண்டியும் கேட்டாண்ட நிக்குது. காலு இல்லாமயா போனாரு?

ஜொவிட்டா: ஷூ போட்டுட்டு... சர்ச்சுக்கு, பூசைக்குப் போயிருக்காரு. நடந்தே.

சூடாமணி: பூச முடிஞ்சி ஜனம் அல்லாம் சோறாக்கப் போயாச்சி. நான் அந்த முக்குல ஒரு மணி நேரமா நின்னுகினு இருந்தேன். நீங்க குடையப் புடிச்சிகினு முன்னால வந்தீங்கோ. சாரு பின்னால கறி வாங்கிகினு வந்தாரு. இந்தக் கண்ணால பாத்தேன்.

ஜொவிட்டா: இல்ல, அவரு மறுபடியும் வெளிய...

சூடாமணி: உங்களுக்குப் பொய் வராது டீச்சர். மீன் வாங்கறப்பவும் அப்டித்தான். வெலயக் கேட்டுட்டு வேணாம்னு நடப்பீங்கோ. நாலு எட்டு வெச்சிட்டுத் திரும்பிப் பாப்பீங்கோ. வஞ்சரத்த அப்பவே எடுத்துத் தட்டுல போட்டுடுவேன்.

ஜொவிட்டா: உள்ள வா. வாசல்ல நிக்காத, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம்...

சூடாமணி: பாக்கட்டும். பதினாறு முடியாம பொம்பள படி தாண்டிட்டான்னு எங்க குப்பமே வாயப் பொளந்துகினு கீது. இவங்களும் பாத்துட்டுப் போவட்டும்.

ஜொவிட்டா: அதான் நானும் கேக்க நெனச்சேன். நாலு நாள்தான் ஆகுது...

சூடாமணி: புதன்கெயம காத்தால எங்காளு வேலைக்குப் போனாரு. வெசாயக்கெயம விடியறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. இன்னிக்கு ஞாயிறு. சாருகிட்ட ஒரே ஒரு கேள்வி டீச்சர். கேட்டுட்டுப் பூடுவேன். சண்ட போட வரல.

ஜொவிட்டா: ஏங்க... வாங்க வெளியில. அவளுக்குத் தெரிஞ்சிபோச்சு.

ஷெல்டன்: யாரு? ஓ... வாம்மா. கொஞ்சம் படுத்துட்டேன். தலைவலி.

சூடாமணி: கட்டிலுக்கு அடியிலயா சார் படுத்தீங்கோ? முட்டியில தூசி கீது.

ஜொவிட்டா: சூடாமணி!

சூடாமணி: சும்மா சொன்னேன் டீச்சர். வாய்க்கொழுப்பு. தாலி போயும் இது போவ மாட்டேங்குது.

ஷெல்டன்: உக்காரு. மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா. சக்திவேல் மாதிரி ஒரு ஆள்... எங்க ஈக்காட்டுத்தாங்கல் யூனிட்ல மொத்தமே ஏழு பேர். கெமிஸ்ட்னு நான் ஒருத்தன். அவன் ஒருத்தன்தான் நான் சொன்னதத் திருப்பிக் கேக்காம செய்வான்.

சூடாமணி: அவ்ளோ நல்ல ஆளா?

ஷெல்டன்: ஒரு நாள் லீவு போட்டதில்ல.

சூடாமணி: அப்ப ஏன் சார் எயவுக்கு வரல?

ஷெல்டன்: அது வந்து... கம்பெனில ஒரு...

ஜொவிட்டா: நான் புடவை மாத்திட்டு நின்னேன் சூடாமணி. சத்தியமா. இவருதான், முதலாளி போக வேணாம்னு சொல்லிட்டாரு, அங்க கும்பலா இருக்கும், ஆளாளுக்கு எதையாவது கேப்பாங்கன்னு...

ஷெல்டன்: ஜொவி. நீ போய் காபி போடு.

ஜொவிட்டா: போடறேன். கடல்ல ஒண்ணும் கிடைக்கல டீச்சர், எங்காளுக்கு ஒரு வேலை பாத்துக் குடுங்கன்னு மீன் செதில் சீவிக்கிட்டே கேட்டா. நான்தானே உங்ககிட்ட வந்து சொன்னேன். எனக்கு மட்டும் மனசு இல்லையா?

சூடாமணி: நீங்க இன்னா பண்ணுவீங்க டீச்சர். நல்லதுக்குத்தானே சொன்னீங்க.

ஷெல்டன்: என்ன கேக்கணும்மா?

சூடாமணி: அன்னிக்கு எங்க வூட்டுக்காரு குடிச்சிருந்தாரா, இல்லியா?

ஷெல்டன்: அதான் ஸ்டேஷன்ல சொல்லிட்டேனே.

சூடாமணி: போலீசுக்குச் சொன்னது போலீசுக்கு. எனக்குச் சொல்லுங்கோ.

ஷெல்டன்: குடிச்சிருந்தான்.

சூடாமணி: நல்லாத் தெரியுமா சார்?

ஷெல்டன்: தெரியும்மா. காலையில நல்லாத்தான் வந்தான். பதினொண்ணு, பதினொண்ணரை இருக்கும். டிரம்மு பக்கத்துல நின்னு ஆடறான். கேட்டா நாக்கு கொழறுது. சிரிக்கிறான். அதனாலதான் வேலைய நிறுத்தி ஆட்டோல ஏத்தி விட்டேன்.

சூடாமணி: சமத் பாய் ஆட்டோல.

ஷெல்டன்: ஆமா.

சூடாமணி: பாயும் அதையேதான் சொன்னாரு. வழி பூரா சிரிச்சிகினே வந்தாராம். சைதாப்பேட்ட பாலத்து மேல ஒருவாட்டி வாந்தி.

ஷெல்டன்: அதான். குடிச்சாத்தானே அப்படி வரும்.

சூடாமணி: நாலு வருசமாத் தொடல சார். ஒரு சொட்டு. பெரிய காரியம், கருமாதி, மச்சான் கல்யாணம், எதுக்கும் தொடல. வல போட்டுச் சம்பாரிச்சது அல்லாம் குடிச்சே கரைச்ச மனுசன். திடீர்னு உட்டாரு. உட்டது உட்டதுதான்.

ஷெல்டன்: விட்டவங்க திரும்ப ஆரம்பிக்கறது சகஜம்மா.

சூடாமணி: சகஜமா?

ஷெல்டன்: ரொம்ப சகஜம்.

சூடாமணி: ஆனா கட தொறக்கறதே பன்னெண்டு மணிக்கு. பதினோரு மணிக்கு ஏது சார் சரக்கு?

ஷெல்டன்: பிளாக்ல கிடைக்காதா என்ன?

சூடாமணி: கெடைக்கும். கெடைக்கும் சார். எந்நேரமும் கெடைக்கும். எங்க ஹவுசிங்போர்டு பிளாக்குக்குப் பின்னாலயே ஒருத்தன் விக்கிறான். அங்க வாங்கி வெச்சிகினு போயிருப்பாரு. இல்ல?

ஷெல்டன்: இருக்கலாம்.

சூடாமணி: இருக்கலாமா, வாங்கினாரா?

ஷெல்டன்: வாங்கியிருப்பாம்மா.

சூடாமணி: அப்பாடா... சரி சார். எனக்கு அது போதும். வரேன் டீச்சர்.

ஜொவிட்டா: என்ன அப்பாடா?

சூடாமணி: ஒண்ணுல்ல. தெரிஞ்சிகினேன்ல, அத்த சொன்னேன்.

ஜொவிட்டா: உக்காரு. காபி ஆறுது. வெறும் வயித்தோட இவ்வளவு தூரம் வந்திருப்ப. ஏங்க, உங்களுக்கும் பாதி டம்ளர் ஊத்தவா? இல்ல இன்னும் வயிறு சரியாகலையா?

ஷெல்டன்: எனக்கு வேணாம்.

ஜொவிட்டா: இவரு கதையக் கேளு சூடாமணி. புதன்கிழமைலேர்ந்து ரசம் சாதம்தான். அன்னிக்கு சாயங்காலம் வந்தாரு பாரு ஒரு கோலத்துல... சுவத்தப் புடிச்சிட்டு நிக்கறாரு. செருப்பக் கழட்டத் தெரியல. ராத்திரி மூணு தடவ வாந்தி. என்ன சார், பார்ட்டியான்னு நானே கேலி பண்ணேன்.

ஷெல்டன்: ஜொவி, அது பித்தம்.

ஜொவிட்டா: பித்தம்தான். வெயில்ல அந்த தகர ஷெட்டுக்குள்ள நின்னா பித்தம் வராம...

சூடாமணி: சாரு குடிப்பாரா டீச்சர்?

ஜொவிட்டா: இவரா? கிறிஸ்மஸ் ஒயினையே மருந்து மாதிரி மூடியில ஊத்திக் குடிக்கிற ஆளு.

சூடாமணி: அப்ப சாருக்கு ஏன் தள்ளாடிச்சி?

ஷெல்டன்: சொன்னேனே, பித்தம். பி.பி வேற இருக்கு.

சூடாமணி: சரி சார். பித்தம்தான். நான் கெளம்பறேன் டீச்சர். காபி வேணாம்.

ஜொவிட்டா: இரு. ஒரு நிமிஷம் இரு. ஏங்க... அன்னிக்கு எந்த பேட்ச் ஓடிச்சு?

ஷெல்டன்: எப்பவும் ஓடறதுதான்.

ஜொவிட்டா: எப்பவும் ஓடறது எது? பதினெட்டு வருஷமா பன்னெண்டாவதுக்கு கெமிஸ்ட்ரி எடுக்கறேன், எங்கிட்ட சொன்னாப் புரியாதா?

ஷெல்டன்: அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஜொவிட்டா: சம்பந்தம் இல்லன்னா சொல்றதுக்கென்ன?

சூடாமணி: வுடுங்க டீச்சர். சாரு ஒருவாட்டி சொல்லிட்டாரு. போதும்.

ஜொவிட்டா: போதாது சூடாமணி. நீ பயப்படாத. சொல்லுங்க.

ஷெல்டன்: மருந்துக் கம்பெனிக்குப் போற சரக்கு. ஒரு மெத்தாக்சி காம்பவுண்டு. அதுல இருக்கற மீத்தைல எடுத்துட்டுக் குடுக்கணும்.

ஜொவிட்டா: அனிசோல் மாதிரி.

ஷெல்டன்: அந்த மாதிரிதான்.

ஜொவிட்டா: ஈதர். எந்த ஆசிட்ல உடைப்பீங்க?

ஷெல்டன்: எப்பவும் ஹைட்ரோபுரோமிக்.

ஜொவிட்டா: எப்பவும். புதன்கிழமை?

ஷெல்டன்: ஹைட்ரயோடிக். முதலாளி சுயம்புலிங்கம் சார் எங்கேர்ந்தோ ரெண்டு கேன் வாங்கிட்டு வந்தாரு. அதுல சீக்கிரம் முடியும். வெள்ளிக்கிழமைக்குள்ள சரக்குப் போகணும், இல்லேன்னா பார்ட்டி வேற இடத்துக்குப் போயிடும்னாரு.

ஜொவிட்டா: ஹைட்ரயோடிக் ஆசிட்...

சூடாமணி: இன்னா டீச்சர் அது? ஆசிட்டு மேல பட்டுச்சா? அவரு மேல காயம் ஒண்ணும் இல்லியே. குளிப்பாட்டினது நாங்கதானே.

ஜொவிட்டா: மேல படல. அது... எப்படிச் சொல்றது. பசங்களுக்குச் சொல்ற மாதிரியே சொல்றேன். நடுவுல ஒரு ஆக்சிஜன். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு புடிச்சிட்டு நிக்கும். அதான் ஈதர். லேசுல உடையாது. தண்ணி ஊத்தினா உடையாது, காரம் போட்டாலும் உடையாது. நல்ல கெட்டி ஆசிட்ட ஊத்திக் காய்ச்சினா மட்டும் உடையும்.

சூடாமணி: ம்.

ஜொவிட்டா: ஆசிட்ல இருக்கற புரோட்டான் முதல்ல நடுவுல இருக்கற ஆக்சிஜன் மேல போய் உக்காரும். உக்காந்ததும் அதோட பிடி தளரும். அப்ப அயோடைடு வந்து ஒரு பக்கத்தப் பிடுங்கிட்டுப் போயிடும். எந்தப் பக்கம்னு ரெண்டு மார்க் கேள்வி வரும். பென்சீன் வளையம் இருக்கற பக்கம் உடையாது, அந்தப் பிணைப்பு பலமானது. அயோடைடு அதுக்குப் பின்னால போய்த் தாக்கவும் வழி கிடையாது. மீத்தைல் சின்னது, ஒத்தையா நிக்கும். அதான் மாட்டும். எல்லா வருஷமும் பாதிப் பசங்க மாத்தி எழுதிட்டு வருவாங்க.

சூடாமணி: மாட்டினது இன்னா ஆவும்?

ஜொவிட்டா: மீத்தைல் அயோடைடு ஆகும். பீனால் பாத்திரத்துலயே நிக்கும். மீத்தைல் அயோடைடு ஆவியா மேல போகும்.

சூடாமணி: மேலன்னா எங்க?

ஜொவிட்டா: புஸ்தகத்துல அதோட முடிஞ்சிடும் சூடாமணி. பக்கத்துல மேல பாத்து ஒரு சின்ன அம்புக்குறி போடுவேன். போர்டுல. அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குப் போயிடுவேன்.

ஷெல்டன்: அதைப் பிடிக்க ஏற்பாடு இருக்கு ஜொவி. சும்மா விட்டுட மாட்டோம். குழாய் வழியா வந்து, குளிர்ந்து, கீழ ஒரு பாத்திரத்துல தண்ணி மாதிரி இறங்கும்.

ஜொவிட்டா: எதால குளிரும்?

ஷெல்டன்: சில்லர் தண்ணி. மெஷின்ல குளிர வெச்சு வரும்.

ஜொவிட்டா: சில்லர் வேலை செய்யலைன்னு நீங்கதான் போன மாசமே புலம்பினீங்க.

ஷெல்டன்: ஆமா.

ஜொவிட்டா: சரி பண்ணியாச்சா?

ஷெல்டன்: இல்ல.

ஜொவிட்டா: அப்ப எந்தத் தண்ணி ஓடிச்சு?

ஷெல்டன்: மேல் டேங்க்.

ஜொவிட்டா: ஷெட்டு மேல வெயில்ல நிக்கற பிளாஸ்டிக் டேங்க்கா? மே மாசத்துல? நம்ம வீட்டு டேங்க் தண்ணியில பத்து மணிக்கு மேல கை வைக்க முடியல!

ஷெல்டன்: தெரியும்.

ஜொவிட்டா: அது எத்தனை டிகிரில கொதிக்கும்?

ஷெல்டன்: நாப்பத்திரண்டு.

ஜொவிட்டா: அன்னிக்கு வெளிய வெயிலே நாப்பத்தொண்ணு.

ஷெல்டன்: தெரியும்னு சொல்றேன்ல ஜொவி!

சூடாமணி: கத்தாதீங்க சார். டீச்சர், போதும், வுடுங்க. எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வேணாம்.

ஜொவிட்டா: உனக்காகத்தான்டி கேக்கறேன். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிச்சா?

ஷெல்டன்: ஒரு வாரமா நிறுத்தி வெச்சிருந்தோம். பக்கத்துப் பட்டறைக்காரன் நாத்தம் தாங்கலன்னு சண்டை. கம்ப்ளெயின்ட் குடுத்துடுவேன்னான். முதலாளி ஃபேனை நிறுத்தி, ஷட்டரையும் பாதிக்கு இறக்கச் சொன்னாரு.

ஜொவிட்டா: அந்த ஷெட்டுக்குள்ள சக்திவேல என்ன செய்ய விட்டீங்க?

ஷெல்டன்: கீழ இறங்கறத எடுத்துக் கேன்ல ஊத்தணும். பாத்திரம் நெறைய நெறைய.

ஜொவிட்டா: கையால?

ஷெல்டன்: பிளாஸ்டிக் மக்கால.

ஜொவிட்டா: மாஸ்க்?

ஷெல்டன்: துண்ட நனைச்சு மூக்குல கட்டிக்கச் சொன்னேன்.

சூடாமணி: நீலத் துண்டு. நாந்தான் தொவச்சிக் குடுத்தேன். அத்தத் திருப்பிக் கேக்கறேன்னு நெனச்சிக்காதீங்கோ. சும்மா ஞாபகம் வந்துச்சி.

ஜொவிட்டா: அவன் ஒண்ணும் சொல்லலையா உங்ககிட்ட?

ஷெல்டன்: சொன்னான். ஒன்பது மணிக்கே சொன்னான். சார், மூக்குல இனிப்பா கீது சார்னான். நல்லாத்தானே இருக்கு, ரோஸ் மில்க்கா நெனச்சுக்கடான்னு சொன்னேன். சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

ஜொவிட்டா: இயேசுவே...

சூடாமணி: இனிப்பு வாட அடிச்சிச்சி அவரு மேல. சட்டையிலல்லாம். நான்... அது ஏதோ புது சரக்குன்னு...

ஜொவிட்டா: நீ எப்ப பாத்த அவன?

சூடாமணி: சாய்ங்காலந்தான். மார்க்கெட்ட முடிச்சிட்டு ஆறு மணிக்கு வந்தேன். மூணாவது மாடிப் படியில உயுந்து கெடந்தாரு. அப்ப அடிச்ச வாட.

ஜொவிட்டா: அப்ப அவன் குடிக்கல.

ஷெல்டன்: நான் அப்படிச் சொல்லல. ரெண்டுமே இருக்கலாம்...

ஜொவிட்டா: என்ன பாத்துச் சொல்லுங்க. வாரா வாரம் சர்ச்சுல நற்கருணை வாங்கற வாய் உங்களுது. இன்னிக்கும் காலையில வாங்கினீங்க. என்ன பாத்துச் சொல்லுங்க.

ஷெல்டன்: மோந்து பாத்தேன்.

ஜொவிட்டா: என்ன?

ஷெல்டன்: அவன் ஆடறானேன்னு கிட்ட போய், வாயத் தொறடான்னு சொல்லி மோந்து பாத்தேன். ஆன்னு தொறந்து காட்டினான், சின்னப் புள்ள மாதிரி. சாராய வாடை இல்ல. ஒரு துளி இல்ல.

சூடாமணி: இல்லியா?

ஷெல்டன்: இல்லம்மா.

சூடாமணி: கொஞ்சங்கூடவா சார்? கொஞ்சமா குடிச்சிருந்தா வாட தெரியாதுல்ல? பாக்கு போட்டிருந்தா...

ஷெல்டன்: இல்லம்மா. அவன் குடிக்கல.

ஜொவிட்டா: அப்புறம் ஏன் குடிச்சான்னு சொன்னீங்க?

ஷெல்டன்: ஃபோன்ல முதலாளிகிட்டச் சொன்னேன், சக்திவேல் ஒரு மாதிரி ஆடறான்னு. அவரே கேட்டாரு, குடிச்சிருக்கானா, தொலையட்டும், வீட்டுக்கு அனுப்புன்னு. ஆமா சார்னுட்டேன். இல்லைன்னு சொல்லியிருந்தா காய்ச்சறத நிறுத்தணும். பாதியில நிறுத்தினா மொத்தச் சரக்கும் பாழ். ஹைட்ரயோடிக் போடலாம்னு ஒத்துக்கிட்டதே நான். வெளிக்காத்துல ஒரு மணி நேரம் இருந்தா தெளிஞ்சிடுவான்னு நெனச்சேன்.

ஜொவிட்டா: அவன அனுப்பிட்டு?

ஷெல்டன்: மீதிய நான் ஊத்தினேன்.

ஜொவிட்டா: அதான் உங்களுக்கு வாந்தி.

ஷெல்டன்: நாலு மணிக்கு எனக்கே எழுத்து மங்கிச்சு. அப்பதான் உறைச்சது. காலேஜ்ல ஒரு தடவ படிச்சது. இது மூளையத் தாக்கும். தலை சுத்தும், நடை தடுமாறும், நாக்கு கொழறும், ஒரு பொருள் ரெண்டு ரெண்டாத் தெரியும். காரணம் இல்லாமச் சிரிப்பு வரும். பாக்கறவனுக்கு அச்சு அசல் குடிகாரன்தான். டாக்டருக்கே தெரியாது, யாராவது சொன்னாத்தான் தெரியும்.

ஜொவிட்டா: நாலு மணிக்கு உறைச்சுதுல்ல? யார்கிட்ட சொன்னீங்க?

ஷெல்டன்: சூடாமணி நம்பர் எங்கிட்ட இருந்தது. ஃபோனக் கையில எடுத்தேன்.

ஜொவிட்டா: எடுத்து?

ஷெல்டன்: வெச்சுட்டேன்.

ஜொவிட்டா: என்னோட இத்தனை வருஷமா படுத்து எந்திரிச்ச மனுஷனா நீங்க? அன்னிக்கு ராத்திரி நான் உங்களுக்கு எலுமிச்சம் பழம் பிழிஞ்சு குடுத்துட்டு இருந்தேன். அங்க இவ ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருந்தா.

ஷெல்டன்: ஜொவி, எனக்கு வேற வழி...

ஜொவிட்டா: பேசாதீங்க.

சூடாமணி: சார்.

ஷெல்டன்: சொல்லும்மா. அடிக்கணும்னாலும் அடி.

சூடாமணி: எத்தினி மணிக்குள்ள இட்டுகினு போயிருக்கணும்?

ஷெல்டன்: எங்க?

சூடாமணி: ஆஸ்பத்திரிக்கு. எத்தினி மணிக்குள்ள போயிருந்தா பொயச்சிருப்பாரு?

ஷெல்டன்: அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா. இதுக்குத் தனியா மாத்து மருந்து கிடையாது.

சூடாமணி: கெடையாதா? அப்ப எப்ப போயிருந்தாலும் ஒண்ணுதானே சார்? சொல்லுங்கோ.

ஷெல்டன்: ஆக்சிஜன் வெச்சிருப்பாங்க. மூச்சுக்கு மெஷின் போட்டிருப்பாங்க. வெயில்ல போடாம, சட்டைய மாத்தி, மேல கழுவி... ரெண்டு மணி, மூணு மணிக்குள்ள போயிருந்தா, பொழைக்க வாய்ப்பு இருந்தது. நிறையவே இருந்தது. அவன் கட்டுமஸ்தான ஆளு.

சூடாமணி: ரெண்டு, மூணு மணி.

ஷெல்டன்: ஆறு மணிக்கு நீ பாத்தப்ப நேரம் போயிடுச்சு. உம் மேல ஒரு தப்பும் இல்லம்மா. எல்லாம் நான் செஞ்சது.

ஜொவிட்டா: சூடாமணி, இங்க பாரு. இவர விடு. நான் சொல்றேன். நாளைக்குக் காலையில நானே உன்னக் கூட்டிட்டு ஸ்டேஷனுக்கு வரேன். என்ன ஆசிட், என்ன ஆவி, எல்லாத்தையும் என் கையால எழுதித் தரேன். இவரு கையெழுத்துப் போடுவாரு. போடலைன்னா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்.

ஷெல்டன்: போடறேன் ஜொவி.

ஜொவிட்டா: குடிச்சுச் செத்தான்னு ஒருத்தனும் இனிமே பேசக் கூடாது. உம் பொண்ணு பூஜா தலை நிமிந்து ஸ்கூலுக்குப் போகணும். எங்கப்பா குடிக்கலன்னு சொல்லணும். கேக்குதா? அதுக்குத்தானே நீ இந்தத் தீட்டோட, ஊர் பேச்சயும் தாங்கிக்கிட்டு இங்க வந்த?

சூடாமணி: இல்ல டீச்சர்.

ஜொவிட்டா: என்ன இல்ல?

சூடாமணி: அதுக்கு வரல.

ஜொவிட்டா: பின்ன எதுக்கு வந்த?

சூடாமணி: குடிச்சாருன்னு சாரு வாயால ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். மொதல்ல சொன்னாரே... அத்தோட என்ன அனுப்பியிருக்கலாம் டீச்சர் நீங்க. நான் எழுந்து எழுந்து நின்னேன், நீங்கதான் உக்கார வெச்சீங்கோ. அன்னிக்கு நான் மார்க்கெட்டுல இல்ல. மீனு வரல, வூட்டுலதான் இருந்தேன். பன்னெண்டர மணிக்கு ஆட்டோ வந்துச்சி. ஜன்னல் கம்பி வழியாப் பாத்தேன், படியேறி வந்து ஆடிகினு நிக்கிறாரு. உள் தாப்பாள போட்டுட்டேன். இன்னொருவாட்டி குடிச்சிட்டு வந்தா இந்தக் கதவு தொறக்காதுன்னு நாலு வருசம் முன்ன சொன்னவ நான். அந்தச் சொல்லுக்குத்தான் அவரு குடியவே உட்டாரு. அத்தக் காப்பாத்தணும்னு... அஞ்சு மணி வரிக்கும் தட்டிகினு இருந்தாரு. டிவிய சத்தமா வெச்சேன். நடுவுல ஒருவாட்டி ஜன்னலாண்ட மூஞ்ச வெச்சி என்னப் பாத்துச் சிரிச்சாரு டீச்சர். ரெண்டு சூடாமணி நிக்கறீங்கோ, ஒருத்தியாச்சும் கதவத் தொறயேன்டின்னாரு.